அழகையாவின் கட்டிகளும் இரண்டு ஊசிகளும்

கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று. பெயரைச் சொன்னால் எனக்கும் ஊசி போட்டுவிடுவார்கள், வேண்டாம். அங்கே சின்ன ஒபரேஷன்களுக்கென்று நரம்பில் ஏற்றும் மயக்க ஊசிகள் இரண்டு வகை வந்திருந்தன. எது மேலானது என்று ஒப்பிட்டறிய, மேலிடத்து உத்தரவின் பேரில், மாண்புமிகு கமிட்டியொன்று கூடி, மீன் அடைத்த மாலு பாணும் பிளேன் டீயும் சாப்பிட்டது.

அந்த நேரம் பார்த்து எங்கள் மஹய்யாவ பகுதி அழகையா வந்து சேர்ந்தார். முனிசிபல் தொழிலாளி. இடுப்புக்குக் கீழே வலப்பக்கம் ஒரு கட்டி, இடப்பக்கம் ஒரு கட்டி. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, பாவம் மனுஷன்.

"ஒரே ஆள், ரெண்டு கட்டி! இதைவிட வேறென்ன வேணும்?" என்று கமிட்டித் தலைவர் டொக்டர் மயில்வாகனம் பூரித்துப்போனார்.

"ரெண்டையும் ஒரேயடியா கீறி விட்ருங்க ஐயா," என்றாள் அழகையாவின் மனைவி பரிமளம்.

"அது விஞ்ஞானத்துக்கு விரோதமம்மா."

வலக் கட்டிக்கு முதல் ஊசி. அழகையா சுகமாகத் தூங்கினார். வலியே இல்லை. ஆனால் பாதித் தூக்கத்தில் வாய் மட்டும் திறந்துகொண்டது. "டொக்டர் ஐயா ரெண்டு மணிக்கே பிரைவேட் கிளினிக்குக்கு ஓடிருவாரு. கேட்டா வார்ட்டு பாக்கப் போறாராம்!" கமிட்டி கூரையைப் பார்த்தது.

மறுவாரம் இடக் கட்டிக்கு இரண்டாவது ஊசி. அடேயப்பா! அழகையா போட்ட கூச்சலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே பரிமளம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் கண் விழித்ததும் அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. "வலிக்கவே இல்லீங்க. நீங்க நல்லாயிருக்கணும்," என்று கும்பிட்டார்.

கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது: முதல் ஊசி நோயாளியின் மனதைக் கலக்குகிறது. இரண்டாவதில் முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே வலியும் இல்லை.

அடுத்த மாதம் மூன்றாவது கட்டி வந்தது.

பரிமளம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "மொத ஊசியே போடுங்க ஐயா. அன்னைக்கு அவரு கத்தினது இன்னும் காதுல நிக்குது."

"நோயாளியின்ர விருப்பம்தான் முக்கியம். அவரையே கேப்பம்," என்றார் டொக்டர், மிகுந்த ஜனநாயகத்தோடு.

அழகையா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டாவதுதான் ஐயா. அது தங்கமான ஊசி. இவளுக்கு என்னா தெரியும்?"

"அட பாவி மனுஷா!" பரிமளம் தலையில் அடித்துக்கொண்டாள். மருந்துக்கு வரிசையில் நின்ற மஹய்யாவக்காரர் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூச்சல் கிளம்பியது.

அன்று பின்னேரம் மஹய்யாவயில் தேர்தல் கூட்டம். போன முறை, "அடுத்த மாசமே தண்ணிக் குழாய்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போன அதே பெரியவர் வந்திருந்தார். இத்தனை வருஷமாக வாளியும் கையுமாய் அலைந்து, அவரை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள்தான் நாங்கள். மாலை போட முண்டியடித்தோம். ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றது பரிமளம்.

எங்களில் ஒருத்தருக்கும் யாரும் ஊசி போட்டிருக்கவில்லை.