வலது பின்சக்கரம்

கோல்யாவுக்கு ஒன்றுக்கு வராது என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. ராக்கெட் ஏறுவதற்கு முந்தின நாள், பஸ் டிரைவர் தௌலெத்துதான் கேட்டான்.

"எல்லாஞ் சரி. நாளைக்கு நம்ம பஸ்ஸோட வலது பின்சக்கரத்துல இவன் எப்படிப் போவான்?"

கூட்டத்தில் எல்லார் கண்ணும் கோல்யாவின் இடுப்புக்குக் கீழே போனது. முதன்முதலில் மேலே போன மனிதர், வழியில் பஸ்ஸை நிறுத்தி அந்தச் சக்கரத்தை நனைத்துவிட்டுத்தான் போனார். பத்திரமாகத் திரும்பியும் வந்தார். அன்றிலிருந்து அந்தக் கசாக்ஸ்தான் பொட்டலில், சக்கரத்துக்கு மரியாதை செய்யாமல் ஒருத்தனும் ராக்கெட் ஏறியதில்லை. கோல்யாவோ ரோபோ.

ரோடியோனுக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அவர் இருபது வருஷமாக மாற்று விண்வெளி வீரர். மூன்று முறை முழு உடுப்பும் மாட்டிக்கொண்டு நின்று, போகிறவனுக்குக் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். அடுத்த மாதம் ஓய்வு. கடைசியாக மிஞ்சியிருந்த ஒரே இருக்கையையும் இந்தத் தகர டப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"இதைத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் ஏவுதளத் தலைவர் யெமெல்யானிடம். "மனுஷன்தான் போகணும். இது மேல போய்ப் பூமியைப் பாத்துட்டு என்ன சொல்லும்? எத்தனை டிகிரி சூடுன்னு சொல்லும்!"

"நாங்க கேக்குறதே அதைத்தானப்பா. இதுக்குச் சோறு வேணாம், காத்து வேணாம். பெண்டாட்டி போன் போட்டு அழமாட்டா. திரும்பி வரலேன்னா கொடியை இறக்கவும் வேணாம்."

"அப்ப சக்கரம்?"

தலைவர் முகம் வெளுத்தது. வாசற்படிக்கு மேலே நின்று கை குலுக்கினால்கூட அபசகுனம் என்று நினைக்கிற மனிதர் அவர்.

இன்ஜினியர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலத்துக்குள் கோல்யாவின் தொடையில் ஒரு தொட்டி, ஒரு குழாய். ஒத்திகையில் அது அடித்த வேகத்தில் டயரில் இருந்த சேறே கழுவிக்கொண்டு போய்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ரோடியோனுக்குப் பொறுக்கவில்லை. "வெறும் தண்ணியை விட்டு யாரை ஏமாத்துறீங்க? அசல் வேணாமா?"

தலைவர் யோசித்தார். "வாஸ்தவந்தான். அசலுதான் வேணும். அதுவும் பயிற்சி எடுத்த வீரனோடதா இருக்கணும்." ரோடியோனை மேலும் கீழும் பார்த்தார். "விடியறதுக்குள்ள உன்னோடதைக் குடுத்துடு."

கையில் ஒரு பாட்டிலைத் திணித்துவிட்டுப் போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

பஸ் நிழலில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தவரைத் தௌலெத் பார்த்தான்.

"குடுத்துத் தொலைங்கண்ணே. கிட்னியவா கேட்டாங்க?"

"இருபது வருஷமா இந்தச் சக்கரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கேன்டா. ஒரு நாளாவது நானே இங்க நின்னு..." கையிலிருந்த பாட்டிலைத் திருகினார். "அந்த ஒண்ணைக்கூட டப்பாகிட்ட குடுக்கணுமாம்."

தௌலெத்துக்கும் என்னவோ செய்தது. "இங்க குடுங்க அதை. எனக்கு ராத்திரி பூரா இதே பொழப்புதான்."

பஸ்ஸுக்குப் பின்னால் போனவன் நிறைந்த பாட்டிலோடு வந்தான்.

மறுநாள் காலை பஸ் வழக்கமான இடத்தில் நின்றது. ராக்கெட்டை ஆசீர்வதிக்க வந்த பாதிரியார், வீரர்களின் உடம்பைப் பரிசோதிக்கும் நர்ஸ் கிளாஃபிரா, கமிட்டிக்காரர்கள், கேமராக்கள் எல்லாம் ஆஜர். கோல்யா இறங்கியது. சக்கரத்துக்கு நேராகக் கம்பீரமாக நின்று ஆரம்பித்தது. பாதியில் உடம்பு வெட்டி இழுத்தது. நாயைப்போல ஒரு காலைத் தூக்கியது. முழங்காலில் புகை வந்தது. அப்படியே மல்லாந்து விழுந்தது.

"பாட்டில்ல என்னத்தடா கலந்தே?" தலைவர் ரோடியோனின் சட்டையைப் பிடித்தார்.

"ஒண்ணும் கலக்கல!"

"உன்னோடதுதானா? சிலுவையைத் தொட்டுச் சொல்லு!"

ரோடியோன் தௌலெத்தைப் பார்த்தார். தௌலெத் பொட்டலைப் பார்த்தான்.

"என்னோடதுதான்," என்று பாதிரியாரின் சிலுவையைத் தொட்டார் ரோடியோன்.

மண்ணில் படுத்துக் குழாயைக் குடைந்த இன்ஜினியர் எழுந்தார். "இவர் மேல தப்பில்லீங்க. நாங்க தண்ணியில சோதிச்சோம். இதுல உப்பு இருக்கு. கசிஞ்சு உள்ள எல்லாம் ஷார்ட் ஆயிருச்சு. ஒரு மாசமாவது ஆகும்."

தலைவர் தூரத்தில் நின்ற ராக்கெட்டைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ரோடியோனைப் பார்த்தார்.

"உடுப்பு இருக்கா?"

"பஸ்ஸுலயே இருக்கு."

"மனுஷன்தான் போகணும்னு வாய் கிழியப் பேசினியே. போ!"

ரோடியோன் வெட்கமில்லாமல் அழுதார். தௌலெத் அவரைக் கட்டிக்கொண்டான். உடுப்பைப் போடுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி, வலது பின்சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றார். பொத்தானில் கை வைத்தார்.

கோல்யாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஈர மண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் கிளாஃபிரா தலையைத் தூக்கினாள்.

"பொத்தானை மாட்டுங்க ரோடியோன், இப்படி எறும்பு மொய்க்கிற அளவுக்குச் சர்க்கரை இருக்குற ஆளை ராக்கெட்ல என்ன, இந்த பஸ்ஸுலகூட ஏத்தக்கூடாது!"