இருமல் மீதான இறுதித் தீர்ப்பு

உதறும் கூடத்தில் யாருக்கும் இருமல் கிடையாது. இருமல் என்றால் நோய், நோய் என்றால் விடுப்பு, விடுப்பு என்றால் ஆள் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை என்றால் நிர்வாகத்துக்கு மனவருத்தம். நிர்வாகத்தை வருத்தப்படுத்தக் கூடாது என்பதால், அங்கே காலை முதல் மாலை வரை எல்லோரும் செய்துகொண்டிருந்த காரியத்துக்குத் 'தொண்டைச் சீரமைப்பு' என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. சுவரில் பலகையும் மாட்டியிருந்தார்கள். 'தொண்டையைச் சீரமைப்போர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும்.'

பழைய சாக்குகளை வாங்கி, சுத்தம் செய்து, மறுபடி விற்கிற கம்பெனி அது. சிமெண்டுச் சாக்கு, சுண்ணாம்புச் சாக்கு, மாவுச் சாக்கு என்று லாரி லாரியாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, தூணில் ஓங்கி நாலு அறை அறைந்து, உதறி, மடித்து அடுக்க வேண்டும். சுத்தமான சாக்கு வெளியே போகும். தூசியெல்லாம் உள்ளேயே நிற்கும். உதறுபவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டு போனார்கள், நெஞ்சுக்குள் வைத்து.

மூட்டை அண்ணன் அந்தக் கூடத்தின் மூத்த ஆள். எலும்பும் தோலுமாக இருந்தவருக்கு மூட்டை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தெருமுனை டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"இப்பவே அந்தத் தூசிய விட்டு வெளிய வந்தா, மிச்சம் இருக்கிற நுரையீரலைக் காப்பாத்திக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இருந்தீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க. எனக்கும் சங்கடம், உங்களுக்கும் செலவு."

வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வீட்டில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு மனைவி தைத்துக் கொடுக்கிற ரவிக்கையில் அரை வயிறுதான் நிறையும். ஆனால் வேலையால் வந்த நோய்க்கு இழப்பீடு உண்டு, சட்டத்திலேயே இருக்கிறது என்று யாரோ சொல்ல, மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பணம் வந்தால் வேலையை விடலாம், வேலையை விட்டால் மனுஷன் பிழைப்பான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

நிர்வாகமும் சும்மா இருந்துவிடவில்லை. அந்தச் சமயத்தில் கம்பெனிதோறும் நலவாழ்வு அலுவலர் ஒருவரை வைத்துக்கொள்வது நாகரிகமாக இருந்தது. பக்கத்து ஆணித் தொழிற்சாலைக்கே ஒருவர் வந்துவிட்டார். நம்மிடம் இல்லையென்றால் மானம் என்ன ஆவது? ஆகவே வெள்ளைக் காலணியும் சுருட்டிய யோகா பாயுமாக ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தாள்.

"அண்ணே, நீங்க மூச்ச இழுக்கிறது தப்பில்ல. ஆனா நன்றியுணர்வோட இழுக்கணும்" என்றாள்.

"நன்றியோட இழுத்தா தூசி உள்ள போகாதாம்மா?"

"போகும். ஆனா நீங்க வரவேற்ற மாதிரி இருக்கும்."

பசுமை மனதுக்கு நல்லது என்று கூடத்தின் நாலு மூலையிலும் தொட்டிச் செடிகள் வைத்தாள். ஒரே வாரத்தில் நாலும் பட்டுப்போயின. நிர்வாகம் கொதித்துப்போனது. செடி கொடுத்தவனை வரவழைத்து விசாரித்தார்கள். "இந்தக் காத்துல செடி எப்படி சார் உசுரோட இருக்கும்?" என்று அவன் கேட்ட கேள்வியில் நியாயம் இருப்பதை மேலாளர் உடனே ஒப்புக்கொண்டார். புதுச் செடிகளைத் தன்னுடைய கண்ணாடி அறைக்குள் வைத்துக்கொண்டார். செடிகளுக்கு வக்கீல் தேவைப்படவில்லை.

மூட்டை அண்ணனுக்குத் தேவைப்பட்டது.

வக்கீலின் விளம்பரம் பஸ்ஸின் முதுகில் ஓடிக்கொண்டிருந்தது. 'நீங்கள் இருமினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தோற்றால் ஃபீஸ் இல்லை.' கணவனும் மனைவியும் மாடிப்படி ஏறி அவர் முன்னால் உட்கார்ந்தபோது மூட்டை அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. வக்கீல் கண்ணை மூடிக் கச்சேரி கேட்பதுபோல் அந்த இருமலைக் கேட்டார்.

"அருமை. அடியிலிருந்து வருது. இந்த மாதிரி இருமல் இப்பல்லாம் கிடைக்கிறதே இல்ல."

"பீஸ் எவ்வளவுங்க?" என்றாள் மனைவி.

"ஜெயிச்சா வர்றதுல மூணுல ஒரு பங்கு. தோத்தா சல்லிக்காசு வேண்டாம்."

மனைவி கைகூப்பிவிட்டாள்.

"செலவு மட்டும் முன்னாடியே கட்டிடணும்."

"பீஸ் வேண்டாம்னீங்களே?"

"பீஸ் வேற, செலவு வேறம்மா. பீஸ் எனக்கு வர்றது. செலவு உங்ககிட்டேருந்து போறது."

இவ்வளவு தெளிவாக விளக்கிய பிறகு மறுப்பதற்கு என்ன இருக்கிறது? தையல் மெஷின் விலைபோனது.

வக்கீல் நிபந்தனைகள் சொன்னார். "முதல்ல, மருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. குணமாயிட்டா கேஸ் செத்துப்போயிடும். ரெண்டாவது, வேலைய விட்டுடக் கூடாது. வேலைய விட்டீங்கன்னா, வேலையால வந்த நோய்னு எப்படிச் சொல்றது? தினமும் போயி தூசில நில்லுங்க. இருமலைப் பத்திரமா வச்சுக்கோங்க. அதான் நம்ம சொத்து."

"தூசிய விட்டு வெளிய வரத்தாங்க இந்தக் கேஸே" என்றாள் மனைவி.

"அதேதாம்மா. வெளிய வரணும்னா உள்ள இருக்கணும். சட்டம் அப்படித்தான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் இருமலுக்கு ராஜ உபசாரம். இரவில் அவர் இருமாமல் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டால் மனைவிக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பயம். போய்விட்டதோ என்று கிட்டே போய்ப் பார்ப்பாள். இருமல் போய்விட்டதோ என்றா, ஆள் போய்விட்டாரோ என்றா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வழக்குப் பதிவானதும், நோய் உண்மைதானா என்று பார்க்க மருத்துவக் குழு கூப்பிட்டனுப்பியது. பளிங்குத் தரை, ஏசி, துடைத்து வைத்த கண்ணாடிபோல் காற்று. வரிசையில் உட்கார்ந்த மூட்டை அண்ணனுக்கு வருஷக்கணக்கில் கிடைக்காத மூச்சு கிடைத்தது. இழுத்தார், போனது. விட்டார், வந்தது. அந்தச் சுகத்தில் நாற்காலியிலேயே தலை சாய்ந்து அயர்ந்துவிட்டார். குழுவின் மருத்துவ அதிகாரியே வந்து தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று.

"இருமுங்க" என்றார் அதிகாரி.

"இப்ப வரலீங்க."

"அப்போ நோய் இல்ல."

"அங்க போனா வருதுங்க ஐயா."

"அங்க வர்றதுக்கு நாங்க எப்படி இங்க சான்று தர முடியும்? எங்க அதிகாரம் இந்த நாலு சுவத்துக்குள்ளதான்."

'மனுதாரர் நல்ல ஆரோக்கியத்துடன் உறங்கினார்' என்று அறிக்கை போனது. வக்கீல் விடவில்லை. சம்பவ இடத்தையே நேரில் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டார். அதற்குத் தனிச் செலவு. வீட்டில் இருந்த பித்தளைக் குடம் போயிற்று.

மருத்துவ அதிகாரி உதறும் கூடத்துக்கு எழுந்தருளினார். வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இங்க இருமல் இல்லாதவங்க யாரு? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர் மட்டும் தயங்கித் தயங்கித் தூக்கினார், செடிகளுக்கு நடுவிலிருந்து.

அதிகாரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. "ஒருத்தருக்கு இருந்தா அது நோய். எல்லாருக்கும் இருந்தா அது இயல்பு. இங்க உள்ள இயல்புப்படி எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றவர், கிளம்பும்போது மேலாளரைத் தனியே அழைத்து, "நீங்க மட்டும் எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் பயந்துபோய் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு எடுத்துக்கொண்டார்.

"ரெண்டும் பாதகமா வந்திருக்கு. அதனால என்ன? இறுதி விசாரணை ஆணையர் முன்னாடி. அங்க ஒரே ஒரு தடவை, வயித்த எக்கி ஒரு இருமல் இருமிடுங்க. மத்தத என்கிட்ட விடுங்க" என்றார் வக்கீல்.

இழப்பீட்டு ஆணையர் நல்லவர் என்று பெயர். அவருடைய மன்றம் பழைய கட்டடத்தில் இருந்தது. சுவர் தெரியாதபடி நாலு பக்கமும் கோப்புகள் கூரைவரை அடுக்கியிருந்தன. இன்னும் தீராத வழக்குகள். சில மனுதாரர்கள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

"கோப்பைக் கொண்டு வாங்க" என்றார் ஆணையர்.

குமாஸ்தா ஏணியில் ஏறி, அடுக்கின் நடுவிலிருந்து கோப்பை உருவினார். அதற்கு மேலே இருந்ததெல்லாம் சரிந்தது. உருவியதைக் கொண்டுவந்து ஆணையரின் மேஜைமேல் தொப்பென்று போட்டார். புகைபோல் எழுந்தது தூசி. மன்றமே மறைந்துவிட்டது.

ஆணையர் இருமினார். குமாஸ்தா இருமினார். கம்பெனி வக்கீல் இருமினார். மூட்டை அண்ணனின் வக்கீல் மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய இருமினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியும் இருமினாள்.

மூட்டை அண்ணன் இருமவில்லை. கோப்பு தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டதுமே அவர் கை தன்னால் தோள் துண்டை இழுத்து மூக்கில் சுற்றிவிட்டது. தூணில் அறை விழுகிறபோது மூச்சைப் பிடித்து, தூசி அடங்குகிறவரை விடாமல் வைத்திருப்பது உதறுகாரர்களின் பழக்கம். அப்படிச் செய்யாதவன் முதல் மாதத்திலேயே ஓடிப்போவான். யோசித்து வருவதில்லை அது, உடம்பே செய்துகொள்வது. இருமுங்க, இருமுங்க என்று வக்கீல் கையை ஆட்டி ஜாடை காட்டியது புகைக்குள் அவருக்குத் தெரியவில்லை.

தூசி அடங்கியது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, அத்தனை பேருக்கும் நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தார் மனுதாரர்.

ஆணையர் தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். "இம்மன்றத்தில் உள்ள அனைவரும் இருமினோம். நாங்கள் யாரும் எந்தச் சாக்கையும் உதறியவர்கள் அல்ல. ஆகவே சாக்குக்கும் இருமலுக்கும் தொடர்பில்லை. மனுதாரரோ பல வருடங்களாகச் சாக்கு உதறியும் இருமவில்லை. ஆகவே சாக்கு உதறுவது இருமலைத் தடுக்கும் என்றே கருத வேண்டியுள்ளது. மனு தள்ளுபடி. மனுதாரர் இருமாதவர் என்று இம்மன்றம் இறுதியாக அறிவிக்கிறது."

படி இறங்கும்போது அதுவரை பிடித்துவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமினார், உட்கார்ந்து இருமினார், துண்டில் சிவப்பாகப் பட்டது. மனைவி முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள்.

வக்கீலுக்கும் தாங்கவில்லை. "அட, இந்த இருமலை அஞ்சு நிமிஷம் முன்னாடி இருமியிருக்கக் கூடாதாய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் ஆணையர் நல்லவர் என்று சொன்னேனே, அது வீண்போகவில்லை. அன்றைய சம்பவத்தில் மன்ற ஊழியர்கள் அனைவருக்கும் பணியிடத்தால் உண்டான இருமல் வந்துவிட்டதாக அவர் மேலிடத்துக்கு எழுதினார். மறுவாரமே அனைவருக்கும் இழப்பீடு வந்தது. கோப்புகளை அவ்வப்போது உதறிச் சுத்தம் செய்ய ஓர் ஆளை நியமிக்கவும் உத்தரவு வந்தது. தகுதி, தூசி தாங்கும் உடல்வாகு. அதற்கு ஊரிலேயே ஒருவரிடம்தான் மன்றத்தின் முத்திரை பதித்த அத்தாட்சி இருந்தது.

மூட்டை அண்ணனுக்குச் சர்க்கார் வேலை!

தெருவே திரண்டு வந்தது. டாக்டரைத் தவிர எல்லோரும் கைகுலுக்கினார்கள். 'அடுத்த வாரம் சேரவும்' என்ற தாளை மனைவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாய் ஒரு பக்கம் சிரிக்க, கண் ஒரு பக்கம் கலங்க நின்றாள். எதிர்வீட்டுக்காரர் அவளிடம் ரகசியமாக, "அந்த வக்கீல் அட்ரஸ் குடும்மா. நம்ம பையன் சும்மாதான் இருக்கான், அவனுக்கும் ஒரு கேஸ் தோத்துத் தரச் சொல்லலாம்" என்றார். வக்கீல் வாசலில் இப்போது வரிசை நிற்கிறது. வழக்கால் கிடைத்த சம்பளம் என்பதால் மாதாமாதம் மூன்றில் ஒரு பங்கு தனக்குச் சேர வேண்டும் என்று அவர் ஒரு மனுவும் போட்டிருக்கிறார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மூட்டை அண்ணன் ஏணியில் ஏறி, ஒரு கட்டுக் கோப்பை இறக்கி, தூணில் ஓங்கி அறைந்தார். துண்டு நழுவிவிட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது இருமல்.

குமாஸ்தா பதறிப்போய் ஓடி வந்து அவர் வாயைப் பொத்தினார்.

"அண்ணே, அண்ணே, இருமாதீங்க! நீங்க இருமாதவர்னு தீர்ப்பே இருக்கு. இருமினா கோர்ட் அவமதிப்பு ஆயிடும்!"

மூட்டை அண்ணனுக்குக் கண் பிதுங்கியது. சுற்றிலும் பார்த்தார். ஆணையர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, அடுத்த கட்டை எடுத்தார்.