பிரேக் மேம்பாட்டுக் குழுவின் இறுதி அறிக்கை

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: வண்டியை ஓட வைத்த காலம், ஓடிய வண்டியை நிற்க வைத்த காலம். இரண்டாம் காலத்துக்கு எங்கள் 'காற்று வாங்கும் கார்கள் காப்புச் சங்கம்' ஆற்றிய தொண்டைச் செயலாளராகிய நானே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

எங்கள் தலைவரின் காருக்கு அறுபது வயது. தண்ணீர் கேட்காது; காற்று வாங்கியே இன்ஜினைக் குளிர வைத்துக்கொள்ளும். இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். தலைவர் என் அண்ணன். ஆனால் சங்கத்தில் 'மாண்புமிகு' போடாமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. ஆண்டுதோறும் நடக்கும் அணிவகுப்பில் காரின் கூரையைத் திறந்து எழுந்து நின்று கையசைப்பார். கையசைப்பவர் ஓட்ட முடியாது என்பதால் அண்ணி ஓட்டுவார்.

சென்ற ஆண்டு அணிவகுப்பு முடிந்ததும் அண்ணி என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, பிரேக்கை மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போய், யோசிச்சிட்டுத்தான் பிடிக்குது. இதை மாத்தாம நான் இனிமே ஓட்ட மாட்டேன்."

"நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றேன். உடனே செயலில் இறங்கி, 'ஓட்டுநர் பிரேக் குறித்து ஆர்வம் தெரிவித்தார்' என்று குறிப்பேட்டில் பதிவு செய்தேன்.

அதன் விளைவாக உதித்ததுதான் 'பிரேக் மேம்பாட்டு உயர்நிலைக் குழு'. தலைவர், நான், ஒரு பல் மருத்துவர், ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் ஒருவர். நால்வரும் தம் காரைத் தாமே ஓட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. ஓட்டினால் தேய்ந்துவிடும் அல்லவா? ஆகவே குழுவின் நடுநிலைமையில் குறைசொல்ல முடியாது.

மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் காருக்கடியில் போய்ப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். உள்ள தேஞ்சு கிடக்கு. இறக்கத்துல ரெண்டு தடவை மிதிச்சா சூடேறிடும், மூணாவது தடவை பிடிக்காது. முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டுடலாம். ரெண்டு நாள் வேலை."

"போட்டா வெளியில தெரியுமா?" என்றார் தலைவர்.

"சக்கரத்து ஓட்டை வழியாப் பாத்தா தெரியும்."

குழு அதிர்ந்தது. அணிவகுப்பன்று 'அசல்தன்மை'க்கு நூறு மதிப்பெண் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் போட்டால் பன்னிரண்டு போய்விடும். சென்ற முறை ஒரே ஒரு புதுத் திருகாணிக்காகக் கோப்பையை நழுவவிட்டவர் எங்கள் தலைவர்.

"அப்ப டிரம்முக்குள்ள இருக்கற பிரேக் ஷூவையாவது மாத்தறேன். அது கார் வந்த நாள்லேர்ந்து இருக்கு" என்றார் மெக்கானிக்.

"அறுபது வருஷத்துப் பொருளா? அது பொக்கிஷமாச்சே" என்றார் பல் மருத்துவர். ஆடுகிற பல்லைப் பார்த்து அவர் இப்படி உருகி நான் கண்டதில்லை.

பேராசிரியர் கண்களை மூடிக்கொண்டார். "நிக்கறதுன்னா என்ன? ஓடாம இருக்கறது. நம்ம கார் வருஷத்துல முந்நூத்தி அறுபத்திநாலு நாள் ஓடாமத்தானே இருக்கு?"

"ஓடறப்பத்தான் சார் பிரேக் வேணும்" என்றார் மெக்கானிக். தத்துவப் பயிற்சி இல்லாதவர், பாவம்.

பதினோராவது கூட்டத்தில் தீர்வு பிறந்தது. டிஸ்க் பிரேக் வாங்குவது. வாங்கியதைப் பொருத்தாமல், பெட்டியோடு முன்பக்க டிக்கியில் வைப்பது. பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் முடிந்தது காரியம். "இந்தக் கூத்துல நான் கையெழுத்து போட மாட்டேன்" என்று மெக்கானிக் ஒருமனதாக வெளியேறினார்.

அணிவகுப்பு நாள் வந்தது. டயரில் தூசி படக்கூடாதென்று காரை லாரியில் ஏற்றிவந்து மேட்டின் உச்சியில் இறக்கியிருந்தோம். நடுவர்கள் சுற்றிவந்து நூற்றுக்கு நூறு போட்டார்கள். அண்ணி கதவைத் திறந்தவர், ஏறாமல் என்னைப் பார்த்தார்.

"பிரேக் மாத்தியாச்சுல்ல, தம்பி?"

டிக்கியில் இருந்த பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

"மாத்தியாச்சு அண்ணி."

சிரித்துவிட்டு ஏறினார். அந்தச் சிரிப்பைக் குறிப்பேட்டில் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

இறக்கத்தில் முதல் மிதிக்குக் கார் கேட்டது. இரண்டாம் மிதிக்கு யோசித்தது. மூன்றாம் மிதிக்கு மெக்கானிக் சொன்னபடியே நடந்துகொண்டது. கூரைக்கு மேலே தலைவர் கையசைத்துக்கொண்டிருந்தார். கீழே அண்ணி கியரைக் குறைத்தார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், இடதுபக்கம் கூட்டம் நிற்பதைப் பார்த்து வலதுபக்கம் ஒடித்தார். கோப்பை வைத்திருந்த மேடையின் சுவரில் கார் போய் முட்டியது. தலைவர் அப்படியே வழுக்கிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். ஒரு கீறல் இல்லை. அண்ணியின் வலது கை முறிந்தது.

குழு உடனே கூடி விசாரித்தது. அறிக்கையை நானே எழுதினேன். 'டிக்கியில் இருந்த டிஸ்க் பிரேக் பெட்டி, சுவருக்கும் காருக்கும் நடுவே நசுங்கி வேகத்தைத் தாங்கியது. ஆகவே காரை நிறுத்தியது டிஸ்க் பிரேக்கே. குழுவின் தொலைநோக்கு பாராட்டத்தக்கது. விபத்துக்குக் காரணம்: ஓட்டுநர் பிரேக்கை நம்பியது.' நால்வரும் கையெழுத்திட்டோம். ஓட்டுநரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணியின் வலது கை கட்டோடு தலையணைமேல் இருந்தது.

"எலும்பு ரெண்டாப் போச்சு தம்பி. டாக்டர் பாத்தார், அன்னிக்கே பிளேட் வெச்சுட்டார். அசலா இல்லையேன்னு கமிட்டி கூட்டல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அறிக்கையை வாங்கி நிதானமாகப் படித்தார். பேனா கேட்டார். இடது கையால் ஒரு சொல்லை அடித்து, அதன்மேல் கோணல்மாணலாக வேறொரு சொல்லை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"படிங்க" என்றார்.

திருத்தத்தைச் செயலாளர் உரக்க வாசிக்க வேண்டும் என்பது சங்க விதி. வாசித்தேன்.

"விபத்துக்குக் காரணம்: ஓட்டுநர் கொழுந்தனை நம்பியது."