கையெழுத்து வழங்கிய நல்ல உள்ளங்கள்

காவிரியில் தண்ணீர் வராத வருஷம் உண்டு. எங்கள் மைக்செட்காரர் மனுக் கொடுக்காத திங்கட்கிழமை கிடையாது. மனு எழுதுவதற்கென்றே ஒரு மனிதரைப் படைத்து, கையில் ஒரு ஆம்ப்ளிஃபயரையும் கொடுத்து பூமிக்கு அனுப்பிய கடவுள், அந்த ஆளுக்கு மேல்மாடியில் குடியிருக்கப்போகும் என்னைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

நான் அப்போது மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். டவுனில் வாடகை கட்டுப்படியாகவில்லை. வலங்கைமான் போகிற வழியில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வீடு பிடித்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதினால் "எங்கள் ஊரைப் பற்றி இன்னும் நாலு வரி கூட எழுதியிருக்கலாம்" என்று பத்திரிகை ஆபீசுக்கு மனு வந்துவிடும். வீடு காட்டியவர் "நல்ல காத்து, நல்ல தண்ணி" என்றார். கீழே மைக்செட் கடை என்று சொல்லவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. மாரியம்மன் கோயில் தீமிதிக்கும் அவர்தான், மாதா கோயில் தேருக்கும் அவர்தான். காதுகுத்து, கல்யாணம், சாவு எதுவானாலும் "மைக்செட்டக் கூப்பிடு" என்பார்கள். ஒல்லியான உடம்பு, ஊருக்கே கேட்கும் குரல். மைக் இருந்தால்தான் அந்தக் குரல் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

குடிபோன முதல் ஞாயிறு சாயங்காலம், தோசைக்கல்லில் மாவை ஊற்றினேன். தரைக்கடியிலிருந்து இடி இடித்தது.

"ஹலோ... ஹலோ... அன்பார்ந்த ஊர்ப் பெருமக்களே! நாளைக்கு கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கப்போற மனு, இப்ப உங்க காதுக்கு வருது. தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. குடுத்த பெறகு சொன்னா கம்பெனி பொறுப்பில்ல!"

பிறகு நிறுத்தி நிதானமாக வாசித்தார். கீழத்தெருவில் மூன்றாவது கம்பத்து விளக்கு பகலெல்லாம் எரிந்து ராத்திரி தூங்கிவிடுகிறதாம். அதற்கு ராத்திரி எது, பகல் எது என்று அதிகாரிகள் கனிவுடன் எடுத்துச் சொல்ல வேண்டுமாம். எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு அம்மா கத்தினார்: "மூணாவது இல்லய்யா, நாலாவது!"

"திருத்தம்! நாலாவது கம்பம். திருத்தம் வழங்கிய கோழிக்கட அக்காவுக்கு நன்றி, நன்றி, நன்றி!"

என் தோசை கருகிப்போனது.

மறுநாள் கீழே இறங்கிப் போய், "மனுவை எதுக்குங்க மைக்ல படிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஊரு கேக்காத மனுவ ஆபீசரு மட்டும் எப்புடி டீச்சர் கேப்பாரு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, எழுத்துப்பிழை திருத்தும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். அவருக்கும் வல்லின றகரத்துக்கும் ஜன்மப் பகை. எல்லா மனுவிலும் "குரை தீர்க்கும் நாள்" என்றே எழுதுவார். தெருநாய்த் தொல்லை பற்றி எழுதிய வாரம் மட்டும் நான் அதைத் திருத்தாமல் விட்டேன். அன்றைக்கு அது சரியாகத்தானே இருந்தது!

அவர் மனுக் கொடுக்காத இடம் இல்லை. பஸ் பாலத்தடியில் நிற்காமல் போகிறது என்று டிப்போவுக்கு ஒன்று. கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு வந்து காத்துக் கிடக்கிறவர்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகையாவது வேண்டும் என்று ஒன்று. வீட்டில் ஞாயிறுதோறும் மீன் குழம்பு வைக்கக் கோரி மனைவியிடம் ஒன்று எழுதிக் கொடுத்ததாகவும், அந்த அம்மா அதை வாங்கி அரிசிப் பானையில் செருகிவிட்டு, "பரிசீலனையில இருக்கு" என்று சொன்னதாகவும் ஊரில் பேச்சு. விசாரித்தேன். உண்மைதான். இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது.

ஒரு நாள் அவர் மேலேயே மனுப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காது கிழிகிறது, நடவடிக்கை தேவை என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். வந்தவர் நேரே கடைக்குள் போய் மைக்கை எடுத்தார்.

"பெருமக்களே! இந்த வாரம் எனக்கு எதிரா ஒரு மனு. எழுதுனவரு பேரு எனக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அருமையான மனு! ஒரு பிழை இல்ல. கோரிக்க ஞாயமானது. இனிமே கூம்பு ஸ்பீக்கர் கெடையாது, சின்னப் பொட்டி மட்டும்தான். ஏழு மணிக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன். மனு எழுதுனவருக்கு நன்றி, நன்றி, நன்றி!"

மேலே என் வீட்டுக்காரர் மின்விசிறியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தமிழில் பிழை வராது.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் ஐப்பசி மழை பிடித்தது. கீழத்தெருவில் செல்வியின் அப்பா இறந்துபோனார். செல்வி மன்னார்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற பெண். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பதால், யார் என்ன சொன்னாலும் கொள்ளி நான்தான் வைப்பேன் என்று கிளம்பிவிட்டாள். நான் வாய்க்கால் கரை வரைக்கும் போய் நின்றேன்.

கீழத்தெரு சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வாய்க்காலைத் தாண்டி, தங்கராசு என்பவரின் வயல் வரப்பில்தான் போக வேண்டும். கோடையில் சமாளித்துவிடலாம். அன்றைக்கு சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. வரப்பு ஒரு ஆள் ஒற்றைக்காலில் நிற்கிற அகலம். பாடை தூக்குகிறவர்கள் நாலு பேரும் வயலுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். சேறு தொடை வரை வாங்கியது. பின்னால் மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

நடு வயலில் முன்னால் போனவர் வழுக்கினார். பாடை சாய்ந்தது. செல்வி பாய்ந்து போய் அப்பாவின் கால்களை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மைக்செட்காரர் தலையிலிருந்ததை அப்படியே சேற்றில் போட்டுவிட்டு ஓடி, சரிந்த மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார். மழையோடு மழையாக, சேற்றில் அடி அடியாக நகர்ந்து கரையேறினார்கள்.

அந்த ஞாயிறு அவர் கடை திறக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு இரவல் ஆம்ப்ளிஃபயரில் மனு வாசித்தார். நகைச்சுவை ஒரு வரி இல்லை. "கீழத்தெரு மக்கள் இறந்தால் போவதற்கு ஒரு பாதை வேண்டும்." அவ்வளவுதான்.

மனுப் போனது. "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. மறுபடி போனது. அனுப்பிய இடத்திலிருந்து, அனுப்பிவைத்த இடத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. ஒற்றை ஆள் கையெழுத்து போதாது, ஊரே போட வேண்டும் என்று நான் சொன்னேன். ஆனால் ஊர் தயங்கியது. பாதை என்றால் தங்கராசு வயலில்தான் போட வேண்டும். அறுப்பு, நடவு என்று பாதிப் பேருக்கு அவரிடம் வேலை. "நமக்கெதுக்கு வம்பு?" என்று பேனாவைத் தொடாமல் போனார்கள். கீழத்தெருவிலேயே சிலர் போடவில்லை.

மைக்செட்காரர் ரெண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை அறிவிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

"பாதை மனுவுக்குக் கையெழுத்து வழங்கிய நல்ல உள்ளங்கள்! கீழத்தெரு நர்ஸம்மா செல்வி அவர்கள்... ஒரு கையெழுத்து! மாடி வீட்டு வேதியியல் டீச்சர் அவர்கள்... ஒரு கையெழுத்து! அவங்க வீட்டு சார் அவர்கள்... அழகான கையெழுத்து!"

அவ்வளவுதான், ஊர் கலகலத்துவிட்டது. தீமிதிக்கு நூற்றொரு ரூபாய் எழுதினால்தான் மைக்கில் பெயர் வரும். இங்கே ஓசியில் வருகிறது! கோழிக்கடை அக்கா இறக்கை ஒட்டிய கையோடு ஓடிவந்து போட்டார். டீக்கடைக்காரர் போட்டுவிட்டு, "இனிஷியலோட சொல்லணும்" என்று நிபந்தனை வைத்தார். ஒருவர் பெயரை விட்டுவிட்டதற்குச் சண்டைக்கே வந்துவிட்டார். பயந்து ஒதுங்கியவர்கள்கூட பக்கத்து வீட்டுப் பெயர் காற்றில் போவதைக் கேட்டதும் தாங்க மாட்டாமல் வந்தார்கள். எல்லாரும் போட்ட பிறகு யாருக்கு யாரைப் பார்த்துப் பயம்?

கேள்விப்பட்ட தங்கராசு ஒரு நாள் புல்லட்டை நேரே கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"யோவ் மைக்செட்டு! என் வயல்ல ரோடு போட ஊருல கையெழுத்து வாங்குறியா? வயலு ஊருதா, எனுதா?"

"ஒங்களுதுதாண்ணே."

"அப்ப என்னைக் கேட்டியா? ஊரக் கூட்டி வச்சு என் மானத்த வாங்குற!"

"கேக்கணும்னுதாண்ணே நெனச்சேன். பயமா இருந்துச்சு." சொல்லிவிட்டு மைக்கை நீட்டினார். "நான் பேசுனது ஊருக்குக் கேட்டுச்சு. நீங்க பேசுறதும் கேக்கணும்ல? அதான் ஞாயம். பேசுங்க."

தங்கராசு வாங்கிவிட்டார். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மைக்கைப் பிடித்த பழக்கமில்லாத மனிதர். நாக்கு தானாகவே, "அனைவருக்கும் வணக்கம்" என்றது. தன் குரலே தெருமுனையிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டுத் திகைத்துப்போனார். வணக்கம் சொன்ன வாயால் உடனே திட்ட முடியுமா? தொண்டையைச் செருமினார்.

"நான்... நான் பாதைக்கு விரோதி இல்ல. அன்னைக்கு அந்தப் பொண்ணு பட்ட பாட்ட நானும் கேள்விப்பட்டேன். ஆனா என் கஷ்டத்த யாரு கேட்டா? வடிகால் தூந்துபோயிக் கெடக்கு. ஒவ்வொரு மழைக்கும் என் பயிரு மூழ்கி அழுவுது. அதுக்கு எவனாவது ஒரு மனு போட்டீங்களா?"

மைக்செட்காரர் மெதுவாக மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தப்புதாண்ணே" என்றார். "வடிகாலத் தூர் வாருனா அந்த மண்ண என்ன செய்வாங்க?"

"என்ன செய்வாங்க? கரையில கொட்டுவாங்க."

"கரைய ஒட்டுனாப்புல ஒங்க வரப்பு ஓரமாக் கொட்டுனா?"

தங்கராசு ரெண்டு கையையும் விரித்து அகலம் அளந்து பார்த்தார். பிறகு, "பாடையோட ஆளு போற அகலம் போதும். டிராக்டரெல்லாம் விட மாட்டேன்" என்றார்.

"கையெழுத்து வழங்கிய நல்ல உள்ளம்..." என்று மைக்செட்காரர் ஆரம்பிக்க, "இருய்யா, இன்னும் போடல!" என்று அதட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து தன் பேனாவையே எடுத்தார்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு வேன் பிடித்து எல்லாருமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். நானும் லீவு போட்டேன். எங்கள் முறை வந்தது. அதிகாரி நிமிர்ந்து, "சொல்லுங்க" என்றார். மைக்செட்காரர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கையில் மைக் இல்லை! விரலை மடக்கி வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். எனக்குக்கூடக் கேட்கவில்லை. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி செல்வியைப் பார்த்தார்.

செல்வி முன்னால் வந்தாள். "எங்கப்பா காலம் பூரா அந்த வரப்ப வெட்டி, சேறு அணைச்சு அண்டை போட்டவரு சார். அந்த வயல்ல வெளஞ்சத சாப்பிடாத வீடு எங்க ஊருல இல்ல. அவரு போன அன்னைக்கு அதத் தாண்ட அவருக்கு வழி இல்லாம போச்சு. இனிமே எங்க தெருவுல யாருக்கும் அப்புடி ஆகக் கூடாது."

பக்கத்தில் நின்ற தங்கராசு, "எடம் நான் தரேன் சார். வடிகால் மட்டும் வாரிக் குடுங்க" என்றார். அதிகாரி மனுவை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார். இடம் கொடுக்கிறவரும் கேட்கிறவரும் ஒரே வேனில் வந்ததை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

உடனே நடந்துவிடவில்லை. தை போனது, மாசி போனது. மைக்செட்காரர் ஞாபகமூட்டும் மனு, மறுஞாபகமூட்டும் மனு, ஞாபகமூட்டியதை ஞாபகமூட்டும் மனு என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். சித்திரைக் கடைசியில் தூர்வார ஆள் வந்தது. கீழத்தெருக்காரர்களே மண்வெட்டியோடு நூறு நாள் வேலையில் இறங்கினார்கள். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள், வாரிய மண்ணிலேயே பாதை தயாராகிவிட்டது. வாய்க்காலில் ரெண்டு குழாய் பதித்து, அதன் மேல் ஒரு சிறு பாலமும் வந்தது. அடுத்த மழையில் தங்கராசு வயல் மூழ்கவில்லை. அவர் தன் கையாலேயே பாதையோரம் ஒரு லோடு செம்மண் அடித்துக் கொட்டிக் கெட்டிப்படுத்தினார்.

பாதை வந்த பிறகு மைக்செட்காரருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. அதில் யாரும் போய்விடக் கூடாது! சாயங்காலமானால் கீழத்தெருவில் வயசானவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் நின்று, "மாத்திரை போட்டாச்சா? பிரஷர் பாத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போவார். செல்வியை வரச்சொல்லி ஞாயிறுதோறும் கடையிலேயே பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்தார். அந்த வருஷம் முழுக்கப் பாதையில் நெல் காய்ந்தது, பெண் பிள்ளைகள் சைக்கிள் பழகினார்கள், சாயங்காலத்தில் ஊரே காற்று வாங்கியது. ஒரு பாடையும் போகவில்லை. அதை அவர் தன் சொந்த சாதனையாகவே சொல்லிக்கொண்டார்.

இப்போது நாங்கள் தஞ்சாவூரில் இருக்கிறோம். போன வாரம் எனக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். செல்விக்கு மட்டும் போனில் சொன்னேன், மறுநாள் காலையில் இன்னொரு போன். எதிர்முனையில் மைக் இல்லாத அந்தச் சின்னக் குரல்.

"டீச்சர், செல்வி சொல்லுச்சு. ஸ்வீட்ட விட்டுடுங்க. நடங்க. ஒங்களமாதிரி ஆளு எங்களுக்கு ரொம்ப நாளைக்கு வேணும்."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.