எந்தக் கடையிலும் இல்லாத நிறம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. கழுத்தில் எப்போதும் ஒரு கேமரா தொங்கும். பார்த்தவுடன் இவர் படம் எடுப்பவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். படம் எடுக்கத் தேவையானதை வாங்குகிறவர். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம், சமைக்கிறவனுக்கும் பாத்திரக் கடையிலேயே குடியிருக்கிறவனுக்கும் உள்ள தூரம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, அதற்குள் ஒரு குட்டிப் பை, குட்டிப் பைக்குள் லென்ஸ் துடைக்க ஒரு துணி. மூக்குக் கண்ணாடி வாங்கினால் கடைக்காரர் சும்மா தருகிற அதே துணிதான். மூலையில் கேமரா கம்பெனியின் முத்திரை குத்தியிருப்பதால் ஒரு சட்டையின் விலை. லென்ஸ் மேல் வெயில் படாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்த விலைக்கு வீட்டு ஜன்னல் முழுக்கத் திரை போடலாம். கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் உட்கார வைக்க உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு, நடுவில் ஒரே ஒரு திருகு. பன்னிரண்டு வயதில் இரும்புப் பட்டறையில் சுத்தியல் பிடித்து, இன்றைக்கு மூன்று பட்டறைக்கு முதலாளியாக நிற்கிற ஒருவனிடம் கேட்டிருந்தால், பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் அறுத்து, துளை போட்டு, அரத்தால் ராவிக் கொடுத்து, ‘போய்யா, காசு வேண்டாம்’ என்று அனுப்பியிருப்பான். கேட்டால்தானே?

நம் கதாநாயகர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. தெருவில் அவருக்கு ‘ஸ்டாண்டு’ என்று பெயர். விலை கேட்டால் அவருக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும்.

“என்னய்யா இது, ஒரு திருகுக்கு இந்த விலையா? பகல் கொள்ளையா இருக்கே!”

“ஒரிஜினல் சார்.”

“ஒரிஜினல்னா தங்கத்துலயா செஞ்சிருக்கு?”

“வேணாம்னா டூப்ளிகேட் இருக்கு சார். கேமரா கீழ விழுந்தா நாங்க பொறுப்பில்ல.”

கேமரா விழவில்லை. ஸ்டாண்டு விழுந்துவிட்டார். வீடு வரும் வழியெல்லாம் கம்பெனிக்காரன் குடும்பத்தையே திட்டிக்கொண்டு வந்தார், தகட்டைச் சட்டைப்பையில் பத்திரமாகத் தடவிப் பார்த்தபடி.

இது பாதி அவஸ்தை. மீதிப் பாதி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. எடுத்த படத்தை அழகுபடுத்த ஒரு மென்பொருள். அதற்கு மாதாமாதம் வாடகை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரனாவது எப்போதாவது கதவைத் திறப்பான். இது திறக்கவே பொழுது ஆகும். நிறத்தைக் கூட்டவோ குறைக்கவோ திரையில் உள்ள ஒரு பட்டையை இழுத்தால் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அவர் திரையைப் பார்க்கிற பார்வையை என்றைக்காவது மனைவியைப் பார்த்திருந்தால், அந்த அம்மாள் பூரித்துப் போயிருப்பார்.

அந்த அம்மாள் சும்மா இருக்கிறவர் இல்லை. வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேசை, துணி வெட்ட ஒரு மாஸ்டர். ஆறு வருஷமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தவருக்கு முதல்முறையாகப் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வந்தது. நான்கு கிளை வைத்திருக்கும் துணிக்கடை முதலாளியம்மா, ஒரு கவுனின் படத்தை மட்டும் சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் நூறு கவுன். நூறு வந்தால் இன்னும் இரண்டு பெண்களை வேலைக்கு வைக்கலாம். அவர்களிடம் சொல்லியும் வைத்தாகிவிட்டது.

“போன்லயே எடுத்து அனுப்பிடறேங்க” என்றார் மனைவி.

“போன்லயா?” ஸ்டாண்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “வீட்டுல இவ்வளவு சாமான் இருக்கு, போன்லயா? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?”

“அதத்தான் அக்கா ரொம்ப நாளா யோசிக்கிறாங்க” என்று மாஸ்டர் கத்தரிக்கோலிடம் சொன்னார்.

அலுவலகத்துக்கு லீவு போட்டார். வெளிச்சம் சரியில்லை என்று காலை போயிற்று. வெளிச்சம் அதிகம் என்று மதியம் போயிற்று. மூன்று மணிக்கு ஒரு படம் எடுத்தார். நியாயமாகச் சொன்னால் நல்ல படம். அதை அப்படியே அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அனுப்புவாரா? நீல கவுனின் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டுமே என்று பட்டையை ஒரு இழுப்பு இழுத்தார். வட்டம் சுற்றியது. நிறம் மாறவில்லை. இன்னொரு இழுப்பு. மாறவில்லை. மூன்றாவதாகக் கோபத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து மென்பொருளுக்கு ஞானம் வந்து, மூன்று இழுப்பையும் சேர்த்து ஒரே மூச்சில் நிறைவேற்றி வைத்துவிட்டது. இரண்டு மணி நேரம் திரையையே முறைத்த கண்ணுக்கு எந்த நிறமும் பிரமாதமாகத்தான் தெரியும். “அடடா!” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, யாரிடமும் காட்டாமல் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை முதலாளியம்மா போன் செய்தார்.

“இந்தக் கலர எங்கம்மா புடிச்சீங்க? இத்தன வருஷத்துல நான் பாத்ததே இல்ல! நூறு அனுப்புங்க. கலர் மட்டும் கொஞ்சங்கூட மாறக்கூடாது.”

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு, தொங்கிக்கொண்டிருந்த கவுனைத் திரும்பிப் பார்த்தார். சாதாரண நீலம். எல்லாக் கடையிலும் கிடைக்கிற நீலம்.

“என்னங்க, அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுங்க.”

வட்டம் சுற்றியது. மாஸ்டரும் வந்து பின்னால் நின்றார். மெல்ல மெல்லப் படம் வந்தது. நீலமும் பச்சையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் கோபித்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி ஒரு நிறம்.

மாஸ்டர் மெல்ல வெட்டும் மேசைக்குத் திரும்பிப் போனார்.

அன்று முழுக்க ஸ்டாண்டு லேப்டாப் கம்ப்யூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு கடையிலும் அது திறப்பதற்குள் கடைக்காரர் வேறு இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்துவிடுவார். கடைசியில் ஒரு சாயப் பட்டறைக்காரர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, பிறகு அனுதாபத்தோடு சொன்னார்: “சார், இந்தக் கலர்ல துணி வராது. டிவி கெட்டுப்போனாதான் வரும்.”

இரண்டு நாள் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே போனை எடுத்தார். ஸ்டாண்டு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

“அம்மா, உங்ககிட்ட மறைக்க விரும்பல. அந்தக் கலர் எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருக்கு. துணி சாதா நீலந்தான். தையல நேர்ல வந்து பாருங்க. புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

முதலாளியம்மா வந்தார். கவுனை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். மடிப்பை இழுத்துப் பார்த்தார், பொத்தானைத் திருகிப் பார்த்தார். நூறு வேண்டாம், நாற்பது போதும் என்றார். வரச் சொல்லியிருந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குத்தான் இடம். இன்னொருத்தியிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை மனைவியின் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனாலும் நாற்பது நாற்பதுதான். கை வேலை வாங்கிக் கொடுத்த நாற்பது.

வாசலில் செருப்பை மாட்டியபடி முதலாளியம்மா கேட்டார்: “துணி நேர்ல எவ்வளவு நல்லாருக்கு! அந்தப் போட்டோ யாரு எடுத்தது?”

மனைவி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கதவுக்குப் பின்னால் மூச்சு நின்றது.

“யாரோ ஒருத்தர்ம்மா. இனிமே அவர்கிட்டப் போகமாட்டோம்.”

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் தான் ‘யாரோ’ ஆகிவிட்டது ஸ்டாண்டுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலம் முழுவதும் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து, தப்பு எங்கே நடந்தது என்று உண்மையாகவே யோசித்தார். அவரைச் சும்மா சொல்லக்கூடாது, விடையும் கண்டுபிடித்தார். இறங்கி வந்து, பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் பணிவாக உட்கார்ந்து சொன்னார்:

“தப்பு என்மேலதாம்மா. திரையில நிறம் சரியாத் தெரியுதான்னு அளக்க ஒரு கருவி விக்கிறான். அத மொதல்லயே வாங்கியிருக்கணும்.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கழுத்தில் கேமரா இல்லைதான். ஓடுவதற்கு முன் வாங்கிய காலணியும், எழுதுவதற்கு முன் வாங்கிய பேனாவும் உங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று நாம் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். இதை வீட்டாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால், மேலே படிக்காமல் மரியாதையாக மூடி வைத்துவிடுங்கள்.