அறுபத்தைந்து கோடிச் சொச்சம்

வெள்ளிக்கிழமை பிரான்ஸ் மாப்பிள்ளையின் ஆட்கள் கம்சாயினியைப் பெண் பார்க்க வவுணதீவுக்கு வருகிறார்கள் என்ற செய்தி கேட்டு, செவ்வாய்க்கிழமையே மதுரனுக்கு வியர்த்துவிட்டது.

இருவரும் கல்லடியில் ஒரே டியூஷன் வகுப்பில் படிப்பிக்கிறார்கள். அவன் கணக்கு, அவள் தமிழ். இருவரும் விரும்புவது ஊருக்கே தெரியும், அவளுடைய அப்பாவைத் தவிர.

"இப்ப என்ன செய்யிற?" என்று கேட்டான் மதுரன்.

அவள் கரும்பலகையின் மூலையில் நீளமாக ஒரு எண்ணை எழுதினாள். "இதை முயற்சி செய்து பாருங்க சேர். வெள்ளிக்கு முந்தி." அதற்குள் பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

கணக்கு மாஸ்டருக்கே உரிய சுத்தத்தோடு, பெறுமதியில்லாததை விட்டுவிட்டு, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அறுபத்தைந்து கோடியே இருபத்திரண்டு லட்சத்துச் சொச்சம். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. பகா எண். எதனாலும் வகுபடாதது, யாராலும் பிரிக்க முடியாதது. தமிழ் படித்தவள் எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

சோதித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பழக்கதோஷம் யாரை விட்டது? இரண்டால் போகவில்லை. ஐந்தால் போகவில்லை. இலக்கங்களைக் கூட்டினான். இருபத்தேழு. மூன்றால் பிரியும், ஒன்பதாலும் பிரியும். அப்படியென்றால் பிரிவோம் என்றா சொல்கிறாள்? அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை கம்சாயினி ஓடி வந்து, முயற்சி செய்தாயிற்றா என்று கேட்டாள்.

"செய்தன். மிச்சமில்லாமப் பிரியுது."

அவள் முகம் கறுத்தது. "ஆரு பிரிக்கிற?"

"மூண்டு."

நடுவில் மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். விளக்கப்போன மதுரன், "மூண்டு மட்டுமில்ல, ஒன்பதும் இரிக்கு" என்று தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டான். அடுத்த நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. அவளுடைய கைபேசிக்கு அவன் எடுத்த அழைப்புகளையெல்லாம் வெட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவனால் பொறுக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியில் வாவிக்கு மேலே உள்ள இரண்டு பாலங்களையும் தாண்டி, நேரே அவள் வீட்டில் போய் நின்றான். விறாந்தையில் அவளுடைய அப்பா தங்கராசா உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் கம்சாயினி அழுத கண்ணோடு நின்றாள்.

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், அழிய அழியத் திரும்ப எழுதிய உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினான்.

"ஐயா, இது பகா எண் இல்லாட்டியும் எங்களப் பிரிச்சிராதீங்க."

தங்கராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். மகளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"முன்னுக்கு நிண்ட சைபர எங்க விட்டீங்க தம்பி? இது இந்த வீட்டுப் போன் நம்பர். நீங்க எடுத்துப் பொண்ணு கேப்பீங்க எண்டு மகள் சொல்லி, மூணு நாளா வயல் வட்டைக்கும் போகாம போனுக்குப் பக்கத்திலயே இரிக்கன்."