கஞ்சி போட்ட பண்டேஜ்

காத்தான்குடியில் நின்றுகொண்டே பிறந்தவர் யாரென்று கேட்டால் முழக்காக்காவைத்தான் காட்டுவார்கள். புடவைக் கடையில் பகல் முழுதும் நின்றபடியே முழம் போட்டுத் துணி அளப்பார்; அதனால் அந்தப் பெயர். காக்கா என்றால் அங்கே அண்ணன். நாற்காலி இருந்தது, அது வாடிக்கையாளருக்கு.

நான் தாதியாக இருக்கும் கிளினிக்குக்கு மனைவியோடு வந்தார். இடது கணுக்காலுக்கு மேல் மாதக்கணக்கில் ஆறாத புண்.

"என்னெல்லாம் போட்டீங்க காக்கா?"

"சீனியத் தவிர எல்லாம் போட்டன் மிஸ்."

"சீனியும் போட்டாரு," என்றார் மனைவி.

இருவரும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக ஆயத்தமாகியிருந்தார்கள். அங்கே நடை அதிகம். புண் ஆறாமல் பயணம் போக விடமாட்டேன் என்றார் டாக்டர். நீரிழிவு இல்லை. பாதத்துக்கு இறங்கும் இரத்த ஓட்டத்தையும் கருவி வைத்துப் பார்த்தோம். அது குறைவாக இருந்தால் இறுக்கிக் கட்டுவது ஆபத்து. இவருக்கு அது சரி. மேலே திரும்ப வேண்டிய இரத்தம்தான் நின்று நின்று காலில் தேங்கியிருந்தது. உப்புநீரால் கழுவி, புண்ணை உலரவிடாத மருந்துத்துணி வைத்து, விரலடியிலிருந்து முழங்கால் வரை இழுபடும் பண்டேஜால் இறுக்கிக் கட்டினேன். நடக்கலாம், நிற்கக் கூடாது; ஓய்வில் கால் நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும்.

காக்கா பண்டேஜை இழுத்துப் பார்த்தார். "ஒரு முழம் ரெண்டு முழமாகுது. இத வித்தவன் கள்ளன்."

இரண்டு பண்டேஜ் கொடுத்திருந்தேன்; ஒன்றைக் கட்டியிருக்கும்போது மற்றதை வீட்டில் கழுவிக் கொண்டுவர வேண்டும். வாரங்கள் போயின, புண் சுருங்கவில்லை. அவர் கொண்டுவந்த பண்டேஜ் அட்டை போல மடமடத்தது.

"இதுக்கு என்ன செஞ்சீங்க?"

"கஞ்சி போட்டு அயன் பண்ணினன். கசங்கின துணியோட யாவாரத்துல நிக்கேலுமா?"

"அந்தச் சுருக்கம்தான் காக்கா காலை இறுக்குறது. கஞ்சியும் சூடும் பட்டா இழுபடாது. அதுதான் மருந்து."

அவர் பண்டேஜை இழுத்துப் பார்த்தார்; ஒரு முழம் ஒரு முழமாகவே இருந்தது. "அப்ப நான்தான் கெடுத்தன்," என்றார்.

புதிய பண்டேஜ் கொடுத்தேன். ஆனால் கடைக்கு வரும் பெண்கள் முன்னால் கால் நீட்ட மறுத்துவிட்டார். மனைவி வழி கண்டுபிடித்தார். கடைக்கு ஒரு சாய்கதிரை வந்தது; அந்த நாற்காலி சுவரை நோக்கித் திரும்பியது. கால் துணிக்கட்டுகளின் மேல் ஏறியது. சுவரில் பெரிய கண்ணாடி. அதைப் பார்த்தே வியாபாரம் நடந்தது. முதுகோடு பேரம் பேச எவருக்கும் வாய் வரவில்லையாம்.

புண் மூடியது. இனி எப்போதும் இறுக்கமான காலுறை அணிய வேண்டுமென்றார் டாக்டர். காக்கா தையலைச் சோதித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பயணத்துக்கு முன் விடைபெற வந்தவர், போகாமல் நின்றார்.

"நீங்களும் விடியத் தொட்டு நிக்கிறீங்க மிஸ். கால் வீங்குறதில்லயா?"

"பின்னேரத்தில கொஞ்சம் வீங்கும்."

"அங்க போய் ஒங்கட காலுக்கும் அல்லாஹ்கிட்ட துஆ கேக்கிறன்."

இத்தனை வருடத்தில் என் கால்களைப் பற்றி விசாரித்த நோயாளி அவர் ஒருவர்தான்.